'ரத்து' என்றால் எது ரத்து? வீட்டுக்கு வரும் கோர்ட் காகிதங்களுக்குச் சில குறிப்புகள்

சுருளிப்பட்டிப் பக்கம் ஒரு திராட்சைத் தோட்டக்காரரிடம் கடைசியாகக் கவாத்து வெட்டிய தேதியைக் கேளுங்கள். யோசிக்காமல் சொல்வார். மருந்து அடித்த நாளும் காய் இறக்கின நாளும் அவருக்கு மனப்பாடம். அதே ஆளிடம் அவருடைய வரப்புத் தகராறு கேஸ் எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டால், "வக்கீலுக்குத்தேன் தெரியும்" என்பார். வக்கீலுக்குத் தெரிவது நல்லதுதான். ஆனால் நாள் கடந்து போனால் கை நழுவுவது வக்கீலின் நிலம் இல்லை.

உத்தமபாளையம் கோர்ட்டில் தமிழில் தீர்ப்பு வரலாம். ஐகோர்ட்டின் மதுரைக் கிளையிலிருந்தும் டெல்லியிலிருந்தும் வருவது இங்கிலீஷில் இருக்கும். செட் அசைடு, ஸ்ட்ரைக் டவுன், ஸ்ட்ரைக் ஆஃப், பைண்ட் ஓவர் என்று இரண்டு சின்னச் சொற்கள் ஜோடி சேர்ந்து நிற்கும். தனித்தனியாகப் பார்த்தால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்தவை. சேர்ந்துவிட்டால் அர்த்தமே வேறு. பேப்பர்காரர்கள் அவசரத்தில் பெரும்பாலானவற்றுக்கு 'ரத்து' என்று ஒரே சொல்லைப் போட்டுவிடுகிறார்கள். எது ரத்தானது என்று தெரியாமல் அடுத்து என்ன செய்வது என்று முடிவெடுக்க முடியாது.

1. விழுந்தது எது என்று முதலில் பாருங்கள்.
சட்டமோ விதியோ செல்லாது என்று சொன்னால் அது ஸ்ட்ரைக் டவுன். கீழ்க் கோர்ட்டின் தீர்ப்பு, ஆர்.டி.ஓ. உத்தரவு, எழுதிப் பதிந்த பத்திரம் இவற்றைத் தள்ளி வைத்தால் செட் அசைடு. எஃப்.ஐ.ஆர்., குற்றப்பத்திரிகை, அரசாணை போன்றவற்றை ஐகோர்ட் முடித்துவைத்தால் குவாஷ். பட்டா, லைசென்ஸ் மாதிரி கொடுத்ததைக் கொடுத்த அலுவலகமே திரும்ப எடுத்துக்கொண்டால் கேன்சல். நாலுக்கும் செய்தியில் 'ரத்து' என்றுதான் இருக்கும். அந்தச் சொல்லுக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று ஒரு தடவை பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும்.

2. சட்டம் விழுந்தால், எந்த அளவுக்கு விழுந்தது என்று கேளுங்கள்.
இதற்கு உதாரணம் தேடிக் கம்பம் பள்ளத்தாக்கைத் தாண்டிப் போக வேண்டாம். 1895 முதல் முல்லைப் பெரியாறு தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக வந்து லோயர் கேம்ப் பக்கம் இறங்குகிறது. கூடலூர், கம்பம், சுருளிப்பட்டி வெள்ளாமையெல்லாம் அதை நம்பித்தான். முதலில் அணையில் 152 அடி வரை தேக்கலாம் என்று இருந்தது. 1979-ல் பாதுகாப்பைக் காரணம் காட்டி அதை 136 அடியாகக் குறைத்தார்கள். 142 அடி வரை தேக்கலாம் என்று 2006 பிப்ரவரி 27-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அடுத்த மாதமே கேரள சட்டசபை தன் நீர்ப்பாசனச் சட்டத்தைத் திருத்தி, இந்த அணைக்கு 136 அடிதான் என்று அட்டவணையில் எழுதிக்கொண்டது.

தமிழ்நாடு வழக்குப் போட்டது. எட்டு வருஷம் ஓடியது. 2014 மே 7-ல் தலைமை நீதிபதி ஆர்.எம்.லோதா தலைமையில் ஐந்து நீதிபதிகள் அமர்ந்து அந்தத் திருத்தம் செல்லாது என்றார்கள். கோர்ட் தீர்த்து வைத்த ஒரு விஷயத்தைச் சட்டசபை புதுச் சட்டம் போட்டு இல்லாமல் ஆக்க முடியாது என்பதுதான் அதில் முக்கியமான காரணம். அந்த நவம்பரிலேயே அணை 142 அடியைத் தொட்டது. கேரளம் போட்ட மறுஆய்வு மனுவும் டிசம்பரில் தள்ளுபடி ஆனது.

'கேரளச் சட்டம் ரத்து' என்ற தலைப்போடு நிறுத்தியவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்காது. தீர்ப்பு அந்தச் சட்டம் முழுவதையும் தூக்கிப் போடவில்லை. 'முல்லைப் பெரியாறு அணையைப் பொறுத்தவரை' செல்லாது என்றுதான் சொன்னது. உங்களைத் தொடும் சட்டம் எதுவாக இருந்தாலும் செய்தியில் மூன்றைத் தேடுங்கள்: எந்தப் பிரிவு, யாருக்கு, எந்தத் தேதியிலிருந்து.

3. விதி விழுந்ததற்குப் பிறகு சட்டம் மாறியிருக்கலாம். பத்திர ஆபீஸ் போகும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.
இது நேராக வீட்டைத் தொடும் சமாச்சாரம். நிலம் எழுத வருகிறவர் மூலப் பத்திரத்தின் அசலைக் காட்ட வேண்டும் என்று தமிழ்நாட்டுப் பதிவு விதிகளில் 55-ஏ என்று ஒன்று இருந்தது. அந்த விதி தாய்ச் சட்டத்தைத் தாண்டிப் போகிறது என்று 2025 ஏப்ரல் 7-ல் உச்ச நீதிமன்றம் அதை அடித்தது. விற்கிறவருக்கு உரிமை இருக்கிறதா என்று தீர்மானிப்பது சார்பதிவாளர் வேலை இல்லை என்றும் சொன்னது. உடனே, இனிமேல் மூலப் பத்திரமே தேவையில்லை என்று புரோக்கர்கள் கிளம்பிவிட்டார்கள். அதே மாதக் கடைசியில் தமிழகச் சட்டப்பேரவை, விதியாக இருந்ததைச் சட்டத்துக்குள்ளேயே கொண்டுவர மசோதா நிறைவேற்றியது. கேரளம் 2006-ல் செய்ததும் இதுவும் ஒன்றா என்றால், இல்லை. முன்னது தீர்ப்பை மறுத்துப் போட்ட சட்டம். பின்னது தீர்ப்பு சுட்டிய குறையைச் சரிசெய்யப் பார்க்கும் சட்டம்.

இன்னொன்று பதிவுச் சட்டத்தின் 77-ஏ. போலிப் பத்திரத்தை மாவட்டப் பதிவாளரே ரத்து செய்யலாம் என்று 2022 ஆகஸ்டில் அமலுக்கு வந்த பிரிவு. 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் அது அரசியலமைப்புக்கு முரண் என்று அடித்துவிட்டது. பத்திரம் போலியா இல்லையா என்று விசாரித்துச் சொல்வது சிவில் கோர்ட்டின் வேலை. பழைய செய்தியை நம்பி மனுவும் கையுமாகப் பதிவாளர் ஆபீஸுக்கு அலைகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இப்போதைய நிலையைக் கேட்டுக்கொண்டு பஸ் ஏறுங்கள். கோர்ட் என்ன சொன்னாலும், வாங்குகிறவர் மூலப் பத்திரத்தைக் கண்ணால் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம் என்பது என் கட்சி.

4. தோட்டத்தைக் குத்தகைக்கு விடும்போது எழுதாமல் விட்டதுதான் பின்னால் கேஸாக வரும்.
இங்கிலீஷ் பத்திரத்தில் லெட் அவுட், லீஸ் அவுட் என்று இருந்தால் அனுபவ உரிமை மட்டும் போகிறது, சொத்து போகவில்லை என்று அர்த்தம். இந்த ஊர்த் தண்ணீரே ஒரு குத்தகைப் பத்திரத்தில்தான் ஓடுகிறது. 1886 அக்டோபர் 29-ல் திருவிதாங்கூர் மகாராஜாவும் ஆங்கிலேய அரசும் போட்ட ஒப்பந்தம் அது. 999 வருஷம், சுமார் 8,000 ஏக்கர், ஏக்கருக்கு ஐந்து ரூபாய். அவ்வளவு நீளமான பத்திரத்துக்கே 1970-ல் ஒட்டுப் போட வேண்டி வந்தது. வாடகை ஏக்கருக்கு 30 ரூபாய் ஆனது. 30 வருஷத்துக்கு ஒரு தடவை மறுபரிசீலனை என்று சேர்த்தார்கள். மீன்பிடி உரிமையைக் கேரளத்துக்கு விட்டுக் கொடுத்து, மின்சாரம் எடுக்கும் உரிமையைத் தமிழ்நாடு எழுதி வாங்கிக்கொண்டது.

நம் இரண்டு ஏக்கர் பந்தலுக்கும் அதே கணக்குத்தான். கல்தூண் எத்தனை, கம்பி யாருடையது, கிணற்றுத் தண்ணீரில் பங்கு எவ்வளவு, மோட்டார் எரிந்தால் யார் கட்டுவது, கொடி பட்டுப்போனால் புதுக் கொடி யார் செலவு, ஒப்படைக்கும்போது காயோடா வெறும் பந்தலா என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் பதிவு செய்தாக வேண்டும். இருபது ரூபாய் ஸ்டாம்ப் பேப்பரில் மூன்று வருஷக் குத்தகை எழுதி மடித்து வைப்பது பின்னால் கோர்ட்டில் கைகொடுக்காது.

5. எக்ஸ்பார்ட்டி டிகிரி ஆனால் அன்றைக்கே ஓடுங்கள்.
இதைத்தான் இந்தப் பக்கத்துக் குடும்பங்கள் நெட்டுருப் போட்டு வைக்க வேண்டும். நடப்பது இப்படி. விடிவதற்கு முன்பே ஜீப் வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு கம்பம் மெட்டு வழியாக இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போய்விடும். பகலில் வீட்டில் பெரியவர்கள் மட்டும்தான். புரோநோட்டுக் கடனுக்கு ஒருவர் வழக்குப் போட்டு, அமீனா சம்மனோடு வருகிறார். "அவன் மலைக்குப் போயிட்டானப்பா, பொழுது சாயத்தேன் வருவான்" என்கிறார் அப்பத்தா. அமீனா திரும்பத் திரும்ப வந்து பார்த்துவிட்டு, கடைசியில் கதவில் ஒட்டிவிட்டுப் போகிறார். ஒட்டின காகிதத்தைக் கிழித்து அப்பத்தா அரிசிப் பானைக்கு அடியில் பத்திரமாக வைக்கிறார். வாய்தா அன்று யாரும் போகவில்லை. பிரதிவாதி ஆஜராகவில்லை என்று ஒருதலைப்பட்சமாக டிகிரி ஆகிவிடுகிறது.

அதைத் தள்ளி வைக்கச் சொல்லிக் கேட்பதுதான் செட் அசைடு மனு. சிவில் நடைமுறைச் சட்டத்தில் 9-வது ஆர்டர், 13-வது விதி. இரண்டு காரணங்களில் ஒன்றைக் காட்ட வேண்டும்: சம்மன் முறைப்படி சேரவில்லை, அல்லது சேர்ந்தது, ஆனால் வர முடியாமல் போனதற்குத் தக்க காரணம் இருக்கிறது. மனுப் போட டிகிரி தேதியிலிருந்து 30 நாள். சம்மனே முறைப்படி வரவில்லை என்றால் டிகிரி பற்றித் தெரிந்த நாளிலிருந்து 30 நாள். பிந்திவிட்டால் தாமதத்தை மன்னிக்கக் கேட்டுத் தனி மனு வேண்டும். ஒவ்வொரு நாளுக்கும் கணக்குச் சொல்ல வேண்டிவரும். ஏலத்தோட்டத்தில் தங்கி வேலை பார்த்ததற்குக் கூலிச் சீட்டு, ஆஸ்பத்திரிச் சீட்டு இருந்தால் அன்றே தேடி எடுத்து வையுங்கள்.

செட் அசைடு ஆகிவிட்டால் ஜெயித்துவிட்டோம் என்று மிட்டாய் வாங்கிவிடாதீர்கள். வழக்குப் பழையபடி உயிர் பெறுகிறது, அவ்வளவுதான். செலவுத் தொகை கட்டு, டெபாசிட் கட்டு என்று கோர்ட் நிபந்தனை போட்டிருக்கலாம். அந்தக் கெடுவைத் தவறவிட்டால் கிடைத்ததும் போய்விடும்.

6. சம்மனை வாங்க மறுப்பதால் ஒரு பிரயோஜனமும் இல்லை.
"வாங்கினாத்தானே கேசு" என்று பெரிய மனுஷர்களே யோசனை சொல்வார்கள். மறுத்தால் கதவில் ஒட்டலாம், தபாலில் 'வாங்க மறுத்தார்' என்று திரும்பினால் சேர்ந்ததாகவே கோர்ட் எடுத்துக்கொள்ளலாம். வாங்கினால் உள்ளே என்ன கேட்டிருக்கிறார்கள் என்றாவது தெரியும். வாங்கின தேதியை உறையின் மேலேயே பேனாவால் எழுதுங்கள். பதில் உரை தாக்கல் செய்ய 30 நாள். கோர்ட் அனுமதித்தால் 90 நாள் வரை போகலாம். வீட்டில் இருக்கும் பெரியவர்களிடம், "சீல் போட்ட காகிதம் எது வந்தாலும் சாயங்காலம் கையில் கொடுங்க" என்று சொல்லி வையுங்கள். போனில் படம் எடுத்து அனுப்பத் தெரிந்த பேரப்பிள்ளை இருந்தால் இன்னும் நல்லது.

7. ஈ.பி. என்று போட்டிருந்தால் அது கரண்ட் ஆபீஸ் காகிதம் இல்லை.
நோட்டீஸில் ஈ.பி. என்று எழுதி நம்பரும் வருஷமும் இருந்தால் அது டிகிரியை நிறைவேற்றக் கேட்டுப் போட்ட மனு. அடுத்த கட்டம் ஜப்தியாக இருக்கலாம், ஏலமாகவும் இருக்கலாம். டிகிரி வாங்கியவருக்கு இதற்கு 12 வருஷம் அவகாசம் உண்டு. நாலு வருஷமாகச் சத்தமே இல்லை, விட்டுவிட்டார் என்று நினைக்க வேண்டாம்.

8. டிஸ்மிஸ் என்றால் எதற்காக டிஸ்மிஸ் என்று பாருங்கள்.
விசாரித்துத் தள்ளுபடி செய்தால் அப்பீல்தான் வழி. நீங்கள் போட்ட வழக்கில் நீங்களே வாய்தாவுக்கு வராமல் தள்ளுபடி ஆனால் அது டீஃபால்ட் டிஸ்மிஸ். 30 நாளுக்குள் திரும்ப ஃபைலில் எடுக்கக் கேட்கலாம். எதிராளி வந்து நீங்கள் வராத நாளில் தள்ளுபடி ஆகியிருந்தால், அதே காரணத்துக்காகப் புது வழக்குப் போட முடியாது. பழையதைத்தான் உயிர்ப்பிக்க வேண்டும்.

வாபஸ் வாங்கும்போது இன்னும் ஜாக்கிரதை. திரும்பப் போட அனுமதியோடு வாபஸ் என்று உத்தரவில் 'லிபர்ட்டி' என்ற சொல் இருக்க வேண்டும். ஊர்ப் பஞ்சாயத்தில் பேசி முடித்துவிட்டோம் என்ற தெம்பில் வெறுமனே வாபஸ் வாங்கிவிட்டு, பேச்சு முறிந்ததும் மறுபடி கோர்ட்டுக்குப் போனால் கதவு சாத்தியிருக்கும்.

9. ஸ்டே என்பது வெற்றி இல்லை.
இருக்கிற நிலையில் அப்படியே நிற்கட்டும் என்பதுதான் அதன் பொருள். யார் வேலி போட்டிருக்கிறாரோ அவருக்கு அது லாபமாகவும் முடியலாம். ஸ்டேயை நீக்கினால் வெகேட் என்று எழுதுவார்கள். ஆறு மாதம் ஆனால் ஸ்டே தானாகப் போய்விடும் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். 2018-ல் உச்ச நீதிமன்றம் அப்படிச் சொல்லியிருந்தது உண்மை. 2024 பிப்ரவரி 29-ல் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை மாற்றிவிட்டது. ஐகோர்ட் கொடுத்த ஸ்டே ஆறு மாதம் முடிந்ததாலேயே தானாக விழாது. எதிராளியின் ஸ்டே காலாவதியாகிவிட்டது என்று ஜே.சி.பி.யைக் கூப்பிடுவதற்கு முன் உத்தரவை வக்கீலிடம் காட்டுங்கள்.

10. எதிராளி ஸ்டே வாங்கப் போகிறார் என்று தெரிந்தால் கேவியட் போடுங்கள்.
என்னைக் கேட்காமல் உத்தரவு போடாதீர்கள் என்று முன்கூட்டியே சொல்லி வைப்பது. 90 நாள் செல்லும். நாள் முடிந்தால் புதுப்பிக்க வேண்டும்.

11. 'ரிமாண்ட்' என்றதும் ஜெயில் என்று பதற வேண்டாம்.
கிரிமினல் கேஸில் காவலில் வைப்பது ரிமாண்ட். சிவில் அப்பீலில் வரும் ரிமாண்ட் வேறு: கீழ்க் கோர்ட் சரியாக விசாரிக்கவில்லை, திரும்ப விசாரி என்று கட்டை அனுப்பி வைப்பது. தீர்ப்பில் 'செட் அசைடு, ரிமாண்ட் பேக்' என்று இரண்டும் சேர்ந்து இருந்தால் ஜெயிக்கவும் இல்லை, தோற்கவும் இல்லை. கீழ்க் கோர்ட்டில் என்றைக்கு ஆஜராக வேண்டும் என்ற தேதி பெரும்பாலும் கடைசிப் பாராவில் இருக்கும். அதைக் கோடு போட்டு வையுங்கள்.

12. ஸ்ட்ரைக் ஆஃப், ஸ்ட்ரைக் அவுட்.
பெயரையோ வாக்கியத்தையோ அடித்து எடுப்பது. தேவையில்லாத ஆளை வழக்கிலிருந்து நீக்கலாம். கோர்ட் காட்டச் சொன்ன ஆவணத்தைக் காட்டாமல் இழுத்தடித்தால் உங்கள் எதிர்வாதத்தையே அடித்துவிடலாம். டவுன் என்று இருந்தால் சட்டம், ஆஃப், அவுட் என்று இருந்தால் பட்டியலில் ஒரு வரி என்று ஞாபகம் வைத்தால் போதும்.

13. பத்திரத்தை செட் அசைடு செய்யக் கேட்பவர், அதில் கையெழுத்துப் போட்டவரா என்பது முக்கியம்.
ஏமாற்றிக் கையெழுத்து வாங்கிவிட்டார்கள் என்று எழுதிக் கொடுத்தவரே சொன்னால், பத்திரத்தை ரத்து செய்யக் கேட்டு வழக்கு. அண்ணன் தனக்கு இல்லாத பங்கையும் சேர்த்து எழுதிவிட்டார், நான் கையெழுத்தே போடவில்லை என்றால், 'அந்தப் பத்திரம் என்னைக் கட்டுப்படுத்தாது' என்று விளம்புகை கேட்க வேண்டும். கோர்ட் கட்டணமே இதனால் மாறும். ரத்து கேட்பதற்கு, விஷயம் தெரியவந்த நாளிலிருந்து மூன்று வருஷம். சின்ன வயதில் தன் பெயரில் இருந்த சொத்தை கார்டியன் கோர்ட் அனுமதி இல்லாமல் விற்றிருந்தால், 18 முடிந்து மூன்று வருஷத்துக்குள் கேட்டுவிட வேண்டும். அதாவது 21-வது பிறந்த நாளைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

டிகிரி கையில் வந்ததும் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் அதிகம். பத்திரம் ரத்தானால் கோர்ட் பதிவு அலுவலகத்துக்கு நகல் அனுப்ப வேண்டும், அங்கே புத்தகத்தில் குறிப்பு ஏற வேண்டும். கொஞ்ச நாள் விட்டு இணையத்தில் வில்லங்கம் போட்டுப் பாருங்கள். பார்ப்பதற்குக் காசு இல்லை. ஏறவில்லை என்றால் நகலோடு நேரில் போய்க் கேளுங்கள். புத்தகத்தில் ஏறாத வரைக்கும் வாங்க வருகிறவன் கண்ணுக்குப் பழைய பத்திரம்தான் தெரியும்.

14. பிள்ளைக்கு எழுதிக் கொடுத்த செட்டில்மெண்ட்.
2007-ம் வருஷத்துப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-வது பிரிவு இதற்கானது. பார்த்துக்கொள்வாய் என்று சொல்லி எழுதிக் கொடுத்து, பிள்ளை கைவிட்டால், அந்த மாற்றத்தைச் செல்லாது என்று அறிவிக்கக் கேட்கலாம். 60 வயது ஆகியிருக்க வேண்டும். கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்க வேண்டும், நமக்கு உத்தமபாளையம். பராமரிப்புத் தொகையும் கேட்கலாம், மாதம் 10,000 ரூபாய் வரை.

இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. 'பராமரிக்க வேண்டும்' என்ற நிபந்தனை பத்திரத்திலேயே இருக்க வேண்டுமா, சொல்லாமலே புரிந்துகொள்ளலாமா என்பதில் தீர்ப்புகள் இரண்டு பக்கமும் உண்டு. அந்த வழக்காடலே வேண்டாம் என்றால் எழுதும்போதே ஒரு வரி சேருங்கள்: என் ஆயுள் வரை எனக்கு உணவு, உடை, மருத்துவம், இந்த வீட்டில் குடியிருப்பு ஆகியவற்றைத் தர வேண்டும், தவறினால் இந்த ஏற்பாடு செல்லாது. எழுத்தர் "அதெல்லாம் எதுக்குங்க, சொந்தப் பிள்ளைதானே" என்பார். பிள்ளைக்கு அதில் மனவருத்தம் வந்தால், எழுதுவதையே கொஞ்ச நாள் தள்ளிப் போடுங்கள்.

15. '107 போட்டுட்டாங்க' என்றால்.
திருவிழாவில் முதல் மரியாதைத் தகராறு, வாய்க்கால் மடைச் சண்டை இவற்றில் இரண்டு பக்கத்து ஆட்களுக்கும் ஆர்.டி.ஓ. ஆபீஸிலிருந்து நோட்டீஸ் வரும். இங்கிலீஷில் இதுதான் பைண்ட் ஓவர். சண்டை போட மாட்டேன் என்று பிணைப் பத்திரம் எழுதி வாங்குவது. 2024 ஜூலை 1 முதல் புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 126-வது பிரிவு. ஊர்ப் பேச்சில் இன்னும் 107-தான். இது தண்டனை இல்லை, குற்றவாளி என்ற தீர்ப்பும் இல்லை. ஒரு வருஷத்துக்கு மேல் கட்டிப்போட முடியாது. கையெழுத்துப் போடுவதற்கு முன், ஏன் போட வேண்டும் என்று விளக்கம் சொல்லவும் மறுக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் கையெழுத்துப் போட்டுவிட்டு அந்தக் காலத்துக்குள் கைகலப்பில் இறங்கினால் உள்ளே போக வேண்டிவரும்.

16. எஃப்.ஐ.ஆர். குவாஷ் மனுவுக்கு மதுரைக் கிளைக்குப் போக வேண்டும்.
கீழ்க் கோர்ட்டுக்கு அந்த அதிகாரம் கிடையாது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 482-வது பிரிவு புதுச் சட்டத்தில் 528. மனு நிலுவையில் இருக்கிறது என்பதற்காக விசாரணைக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். ஸ்டே தனியாகக் கிடைத்திருக்க வேண்டும்.

17. லோக் அதாலத்தில் முடித்தால் முடிந்ததுதான்.
அங்கே போடும் உடன்படிக்கைக்கு டிகிரியின் பலம் உண்டு. கட்டின கோர்ட் கட்டணம் திரும்பக் கிடைக்கும். அப்பீல் கிடையாது. அதனால் கையெழுத்துக்கு முன், தொகை, கெடு, எத்தனை தவணை, தவறினால் என்ன என்று நாலையும் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். கூட்டத்தில் கேட்கக் கூச்சப்பட்டு மண்டையை ஆட்டிவிட்டு வராதீர்கள்.

18. தீர்ப்புச் சொன்ன அன்றே நகலுக்கு எழுதிப் போடுங்கள்.
சிவில் வழக்கில் மாவட்டக் கோர்ட் அளவில் அப்பீலுக்கு 30 நாள், ஐகோர்ட்டுக்கு 90 நாள். சான்றிட்ட நகல் கிடைக்க ஆகும் நாட்களை இதிலிருந்து கழித்துக்கொள்ளலாம். ஆனால் நீங்கள் மனுப் போடாமல் வீட்டில் உட்கார்ந்திருந்த நாட்கள் கழியாது. நகலில் மனுப் போட்ட தேதியும் தயாரான தேதியும் சீலில் இருக்கும். அந்தப் பக்கத்தைத் தொலைக்காதீர்கள்.

19. சி.என்.ஆர். எண்ணை வாங்கி வையுங்கள்.
ஒவ்வொரு வழக்குக்கும் எழுத்தும் எண்ணுமாக 16 இடம் கொண்ட ஒரு அடையாளம் உண்டு. வக்கீலிடம் கேட்டு வாங்கி, இ-கோர்ட்ஸ் செயலியில் போட்டால் அடுத்த வாய்தா, போன வாய்தாவில் என்ன நடந்தது என்று தெரியும். ஜெராக்ஸ் கடைத் தம்பி பார்த்துச் சொல்வான். தோட்டத்துக் காலண்டரில் கவாத்துத் தேதிக்குப் பக்கத்திலேயே வாய்தாவையும் குறித்துவிடலாம்.

20. காகிதத்தைக் காப்பது.
அசல் பத்திரத்தை லேமினேட் செய்யாதீர்கள். சீலையும் ஸ்டாம்பையும் பரிசோதிக்க வேண்டிவந்தால் பிரச்சினை. மடிப்பில் கிழிந்திருந்தால் செலோ டேப் ஒட்டாமல், தடித்த பிளாஸ்டிக் உறையில் விரித்து வையுங்கள். பெட்டியில் ராமபாணப் பூச்சி வராமல் இருக்க வசம்புத் துண்டு நாலு போடலாம். மழைக் காலம் முடிந்ததும் ஒரு நாள் எடுத்து நிழலில் காற்றாட வைத்தால் பூஞ்சணம் பிடிக்காது. கோர்ட் காகிதத்தையும் பத்திரத்தையும் ஒரே கட்டாகக் கட்டாமல் வழக்குக்கு ஒரு கோப்பு வையுங்கள். மேலே வழக்கு நம்பர், கோர்ட் பெயர், வக்கீல் போன்.

21. வக்கீல் வைக்கக் காசு இல்லை என்றால்.
பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. தாலுகா அளவிலேயே சட்டப் பணிகள் குழு இருக்கிறது. உத்தமபாளையம் கோர்ட்டில் கேளுங்கள். போனில் கேட்க 15100. போகும்போது ஆதார், வந்த நோட்டீஸ், அது வந்த உறை மூன்றையும் எடுத்துப் போங்கள். உறையைப் பலர் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். நோட்டீஸ் எந்தத் தேதியில் சேர்ந்தது என்பதற்குத் தபால் முத்திரைதான் சாட்சி.